ஆண்டு விழாவுக்கு ஒரு போலி விளம்பரம்: யாரைக் கிண்டல் செய்வது?

வைகைக்கரை டீச்சர் | டிசம்பர் 14, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். தேனிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஜனவரிக் கடைசியில் ஆண்டு விழா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த முறை சினிமாப் பாட்டுக்கு ஆட மாட்டோம், விளம்பரம் போடுகிறோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். போலி விளம்பரம். இல்லாத பொருளை விற்கிற மாதிரி நடித்து, நாம் எல்லோரும் செல்லைக் கட்டிக்கொண்டு அழுவதைக் கிண்டல் செய்ய வேண்டும், அதுதான் திட்டம். தலைமை ஆசிரியர் 4 நிமிடம் கொடுத்திருக்கிறார்.

அவர்களே எழுதிய முதல் ஸ்கிரிப்ட் கீழே. ஓர் எழுத்துகூட நான் தொடவில்லை.

*(அம்மா செல் பார்க்கிறார். குழந்தை அழுகிறது. அம்மா திரும்பவில்லை. பால் பொங்குகிறது. அம்மா திரும்பவில்லை.)*
*குரல்: உங்கள் வீட்டிலும் இப்படியா? கவலை வேண்டாம்! வந்துவிட்டது அம்மா அலாரம்! குழந்தையின் காலில் கட்டினால் போதும், அழும்போதெல்லாம் அம்மாவின் செல்லுக்கு நோட்டிஃபிகேஷன் வரும்!*
*(டிங் என்று சத்தம். அம்மா பார்க்கிறார். லைக் போடுகிறார். மறுபடி வீடியோவுக்குப் போகிறார்.)*
*குரல்: அம்மா அலாரம். அழுகைக்கு ஒரு லைக்.*

எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒத்திகை பார்த்த பிறகு மனசு கொஞ்சம் உறுத்துகிறது. விழாவுக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கோ தோட்டத்துக்கோ போய்விட்டு, வீட்டு வேலையையும் முடித்து, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரம் செல் பார்க்கிறவர்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து இதைக் காட்டுவதா? இல்லை, நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா? சொல்லுங்கள்.

ஓரமா உட்காரு | டிசம்பர் 14, இரவு 9:31

டீச்சர், அழுகைக்கு லைக் போடுகிற இடம் தங்கம். கை வைக்காதீர்கள். அம்மாக்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் எப்படியும் செல் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

குறுக்குச்சந்து | டிசம்பர் 14, இரவு 11:05

டீச்சருக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. சென்னையில் 14 வருடமாக விளம்பர வாசகம் எழுதிச் சோறு தின்கிறவன் நான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

2010ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் ஃபோனை இறக்கியபோது ஒரு விளம்பரம் போட்டது. ஊரே ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டு திரிகிறது. கழிப்பறையில் ஒருத்தர் ஃபோனைப் போடக்கூடாத இடத்தில் போட்டுவிட்டு, கையை விட்டு எடுக்கிறார். பக்கத்தில் நிற்கிறவர் அடப்பாவி என்று பார்க்கிறார். கடைசியில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா, ஃபோன்களிடமிருந்து நம்மைக் காப்பாற்ற ஒரு ஃபோன் வேண்டும், அது எங்களிடம் இருக்கிறது! அதாவது உங்கள் பிள்ளைகள் எழுதியதை ஒரு ஃபோன் கம்பெனியே காசு போட்டு எடுத்து ஃபோன் விற்றுவிட்டது. ஃபோன் பார்க்கிறவரைக் கிண்டல் செய்தால் விற்கிறவருக்கு ஒரு கீறலும் விழாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. கனடாவில் வான்கூவரிலிருந்து 1989 முதல் வருகிற ஆட்பஸ்டர்ஸ் என்ற பத்திரிகைக்குப் போலி விளம்பரம்தான் தொழிலே. அப்போது கேமல் சிகரெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஜோ கேமல் என்ற ஒட்டகம் விளம்பரத்தில் வரும், குழந்தைகளுக்குக்கூட அதைத் தெரியும். 1990களில் இவர்கள் அதே ஒட்டகத்தை முடி கொட்டி, கையில் டிரிப்ஸ் ஏறுகிற புற்றுநோயாளியாக வரைந்து கீமோதெரபி என்ற புற்றுநோய் சிகிச்சையை வைத்து ஜோ கீமோ என்று பெயர் வைத்தார்கள். கவனியுங்கள், சிகரெட் பிடிக்கிற மனுஷனை அவர்கள் தொடவே இல்லை. விற்க வந்த ஒட்டகத்தைத்தான் படுக்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு சங்கடம். நிஜ விளம்பரங்களே இப்போது போலி மாதிரிதான் வருகின்றன. 2024 மே மாதம் ஆப்பிள் ஐபேடுக்கு ஒரு விளம்பரம் விட்டது. பியானோ, ட்ரம்பெட், பெயின்ட் டப்பா, கேமரா லென்ஸ் எல்லாவற்றையும் ஒரு ராட்சத அழுத்து இயந்திரம் நசுக்கித் தள்ளும், தட்டைத் தூக்கினால் கீழே ஒரு ஐபேட்! உலகமே திட்டியது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அதே காட்சியைக் கிண்டலாக நான் எழுதிக் கொண்டுபோயிருந்தால் 'ரொம்ப ஓவர்ப்பா' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஓரமா உட்காரு | டிசம்பர் 14, இரவு 11:40

சரி, அம்மாவை விட்டுவிடலாம். ரியல் எஸ்டேட்காரர்களைப் பிடிப்போமா? கேபிள் டிவி ஸ்டைலில், பின்னால் நாதஸ்வரத்தோடு:

*அமைதி நகர்! அமைதி நகர்! அமைதி நகர்! பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம், டவரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்! டிடிசிபி அப்ரூவல் உண்டு, சிக்னல் இல்லை! எந்த சிம் போட்டாலும் ஒரு கோடுகூட வராது என்று எழுத்துப்பூர்வ உத்தரவாதம்! மேனேஜர் கூப்பிட்டால், 'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்!' மாமியார் கூப்பிட்டால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்!' இன்றே புக் செய்யுங்கள். ஆனால் எங்களுக்கு ஃபோன் செய்யாதீர்கள், எடுக்க முடியாது. நேரில் வாங்க!*

தேக்கா மணி | டிசம்பர் 15, காலை 6:20

'நேரில் வாங்க' படித்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட் ஆண்ட்டி நகர்ந்து உட்கார்ந்தார்.

மலைக்காரன் | டிசம்பர் 15, காலை 8:47

அண்ணா, நாங்கள் அந்த அமைதி நகரில்தான் இலவசமாகக் குடியிருந்தோம்.

கொரோனாவில் பள்ளியை மூடிய வருடம் என் தங்கை பத்தாவது. வகுப்பெல்லாம் வாட்ஸ்அப்பில். எங்கள் ஊரில் சிக்னல் வந்த ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற பாறைதான். காலையில் குடையும் நோட்டுமாக ஏறுவாள், மழை பிடித்தால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். ராத்திரி யாருக்காவது முடியவில்லை என்றால் 108க்குச் சொல்ல ஒருத்தர் டார்ச் எடுத்துக்கொண்டு அதே பாறைக்கு ஓட வேண்டும். இப்போது டவர் வந்துவிட்டது, அது வேறு கதை. சிக்னல் இல்லாதது நிம்மதி என்று சொல்கிறவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போக ஒரு சிக்னல் உள்ள வீடு இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை அண்ணா, எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் டீச்சர் பள்ளிக்கு மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளும் இருப்பார்களே.

வைகைக்கரை டீச்சர் | டிசம்பர் 15, மதியம் 1:15

இருக்கிறார்கள் தம்பி. ஏழு பேர்.

ஓரமா உட்காரு | டிசம்பர் 15, மதியம் 1:50

தம்பி சொன்னது சுருக்கென்று தைத்தது, ஒத்துக்கொள்கிறேன். நான் குறி வைத்தது ஒரு நாளைக்கு எட்டாயிரம் கொடுத்து ரிசார்ட்டில் செல்லைப் பூட்டி வைக்கச் சொல்லும் ஆட்களை. ஆனால் அவர்கள் யாரும் தேனி ஆண்டு விழாவுக்கு வரப்போவதில்லை என்பதும் உண்மை. வாபஸ்.

குறுக்குச்சந்து | டிசம்பர் 15, மதியம் 2:30

வாபஸ் வேண்டாம், எடுத்து வையுங்கள். சென்னை ஓஎம்ஆரில், ஐடி ஆபீஸ்காரர்களிடம் ஓடும். அதே வாசகம்தான், கேட்கிற ஆள் மாறினால் குத்துகிற இடம் மாறிவிடுகிறது, அவ்வளவே.

சட்டப்புள்ளி | டிசம்பர் 15, மாலை 5:00

கேட்காமலே ஒரு யோசனை: நிஜ கம்பெனிப் பெயர், லோகோ எதையும் தொடாமல் இருந்துவிடுங்கள். தொட்டால் ஜெயிலா என்றால் அப்படியெல்லாம் இல்லை. ஒடிசாவில் டாடா பங்கோடு தாம்ரா துறைமுகம் வந்தபோது, அங்கே வரும் கடலாமைகளுக்கு ஆபத்து என்று சொல்ல, ஆமைகளை டாடா சின்னம் துரத்துகிற மாதிரி ஒரு பேக்மேன் விளையாட்டை கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இணையத்தில் விட்டது. டாடா சன்ஸ் பத்துக் கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார்கள், விளையாட்டை நிறுத்தத் தடையும் கேட்டார்கள். 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்துவிட்டது. ஒரு பொது விஷயத்தை விமர்சிக்க இன்னொருவர் சின்னத்தைக் கேலியாகப் பயன்படுத்துவதும் பேச்சுரிமைக்குள்தான் வரும் என்பது சாரம். ஆனால் அவ்வளவு தூரம் நடக்க உங்கள் பள்ளியிடம் வக்கீல் ஃபீஸ் இருக்கிறதா டீச்சர்?

இன்னொன்று, பிள்ளைகள் ஏதாவது சினிமாப் பாட்டு மெட்டை எடுத்துப் போடுவார்கள். பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவன நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு. மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்த்தால் பிரச்சினை இல்லை. அதையே யாராவது யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு பொருந்தாது.

தேக்கா மணி | டிசம்பர் 15, இரவு 8:10

காலையில் ரயிலில் இருந்ததால் எழுதவில்லை. வேறு ஒரு வழி இருக்கிறது டீச்சர். ஃபோனைக் கிண்டல் செய்யாமல், ஃபோனால் நாம் மறந்துபோன சாமானைப் புதுப்பொருள் மாதிரி விற்பது. எங்கள் சிங்கப்பூரில் ஐக்கியா 2014ல் அதைத்தான் செய்தது. அவர்களுடைய தடிமனான அச்சுக் கேட்டலாக்கை ஆப்பிள் பாணியில், வெள்ளைப் பின்னணியில், பயபக்தியான குரலில் அறிமுகப்படுத்தினார்கள். பெயர் புக்புக். சார்ஜரே வேண்டாம், பேட்டரி தீராது, லோட் ஆக நேரமே எடுக்காது, பிடித்த பக்கத்தின் முனையை மடித்தால் அதுதான் புக்மார்க்! எங்கள் ஆபீசில் இரண்டு வாரம் இதே பேச்சுதான். கேலி செய்த மாதிரியும் ஆயிற்று, மேசை நாற்காலி விற்ற மாதிரியும் ஆயிற்று.

அதே 2014ல் அமெரிக்காவில் நோஃபோன் என்று ஒன்று வந்தது. ஃபோன் அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. திரை கிடையாது, கேமரா கிடையாது, ஒன்றுமே கிடையாது, கையில் பிடித்துக்கொள்ள மட்டும். செல்ஃபி எடுக்க வேண்டுமா? மேலே ஒட்ட ஒரு கண்ணாடி ஸ்டிக்கர். விளையாட்டுக்கு ஆரம்பித்தது, கிக்ஸ்டார்ட்டர் என்ற, ஜனங்களிடம் முன்பணம் திரட்டும் தளத்தில் போட்டார்கள், ஜனங்கள் நிஜமாகவே காசு கொடுத்து வாங்கினார்கள்! பின்னால் நோஃபோன் ஏர் என்று வெறும் காலி அட்டையையும் விற்றார்கள். கேலி எங்கே முடிகிறது, கடை எங்கே ஆரம்பிக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பழைய ரேடியோ | டிசம்பர் 16, காலை 5:35

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினமும் இங்கே படிப்பேன், எழுத மாட்டேன். இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என் செல் உயிரை விட்டது. மகள் வீட்டுக்குப் போகிறேன், இரண்டாவது பிளாட்பாரத்தில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் நல்ல மனுஷர், கேட்டதும் தன் செல்லைக் கொடுத்துவிட்டார். வாங்கி எண் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நின்றேன். பெருவிரல் 9க்கு மேல் போய் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு என்ன எண் என்று தெரியவில்லை. என் மகளின் நம்பர் எனக்குத் தெரியாது!

டிரங்க் கால் புக் செய்த காலத்து நம்பர்களில் இன்றைக்கும் நாற்பதையாவது சொல்வேன். எந்தப் பஞ்சாலைக்கு என்ன நம்பர், எந்த டாக்டருக்கு என்ன நம்பர், எல்லாம் நாக்கில் இருக்கிறது. அந்த டாக்டர் செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. மகள் நம்பர் மட்டும் இல்லை. ஏனென்றால் அதை நான் ஒருமுறைகூட அடித்ததே இல்லை, அவள் படத்தைத் தொட்டுத்தான் பேசியிருக்கிறேன். டீக்கடைக்காரர் என்ன சார், லைன் கிடைக்கவில்லையா என்றார். ஆமாம் என்று சொல்லிச் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடிமை அடிமை என்று எழுதுகிறோம். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 74 வயது, செல்லை ஆசையாகத் தொட்டதே இல்லை. பேரன் அவர் சிம்மை மாற்றிவிட்டான். ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. தன்னுடைய பணத்தைத் தான்தான் எடுக்கிறேன் என்று நிரூபிக்க அவர் பேங்குக்கு மூன்று நடை நடந்தார். மூன்றாவது நாள் கவுன்ட்டரில் இருந்த பையன், பாட்டி, நீங்கள் வந்தால் போதாது, நம்பர் வர வேண்டும் என்றான். இந்த அம்மாவும் செல்லை நம்பித்தான் இருக்கிறார். இதற்கு என்ன விளம்பரம் எழுதுவீர்கள்?

குறுக்குச்சந்து | டிசம்பர் 16, காலை 9:02

ஐயா, 'நீங்கள் வந்தால் போதாது, நம்பர் வர வேண்டும்' என்பதற்கு மேல் எந்த விளம்பரக்காரனாலும் எழுத முடியாது. அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

டீச்சர், உங்கள் பொருள் கிடைத்துவிட்டது. பாக்கெட் டெலிபோன் டைரி.

வைகைக்கரை டீச்சர் | டிசம்பர் 18, இரவு 10:20

ஐயா எழுதியதை வகுப்பில் வாசித்தேன். அம்மா நம்பரை மனப்பாடமாகச் சொல்ல முடிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். 41 பேரில் 9 பேர். அதில் நான்கு பேர் மலைப்பிள்ளைகள், விடுதி ஃபோனிலிருந்து அடித்து அடித்து எண் மனதில் நின்றுவிட்டதாம்.

டைரிதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் மணி சார் சொன்ன வெள்ளைப் பின்னணி விளம்பரத்தைக் காப்பியடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், 'அறிமுகம்... நம்பர்புக் ப்ரோ' என்று மெதுவாக, கிசுகிசுப்பாக. எனக்கு என்னவோ ஒட்டவில்லை.

குறுக்குச்சந்து | டிசம்பர் 18, இரவு 10:58

ஒட்டாது. கேலிக்கு முதல் விதி, எதைக் கேலி செய்கிறோமோ அது பார்க்கிறவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். உங்கள் முன்வரிசைக்கு மனப்பாடமான விற்பனைக் குரல் எது? ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ஆடித் தள்ளுபடி, மாதாமாதம் லாட்ஜில் ரூம் போட்டு முகாம் நடத்தும் வைத்தியர் நோட்டீஸ். எல்லாவற்றுக்கும் மேலே பஸ் ஸ்டாண்ட் லேகியக்காரர்! மேடையில் ஓர் ஆள், ஒரு பெட்டி, சுற்றி ஒரு கூட்டம். செட்டே வேண்டாம். முதலில் பத்து வியாதி சொல்லிப் பயமுறுத்துவார், ஒன்றாவது நமக்கு இருக்கும், அதில் மாட்டிக்கொள்வோம். ஆப்பிள்காரர்கள் செய்வதும் அதேதான், கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள், அவ்வளவே.

அப்புறம் கம்பெனிக்காரனை ஒரு இடத்திலாவது இழுத்துவிடுங்கள். இழுக்க வசதியான இடம் சொல்கிறேன். செல்லில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, அடி என்று ஒன்று இல்லாமல், அந்த ஏற்பாடு ஆசா ராஸ்கின் என்பவர் 2006ல் யோசித்தது. பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பல இடங்களில் பேசிவிட்டார். 2017ல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தங்களுக்குப் போட்டியே மனிதர்களின் தூக்கம்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். பால் பொங்கினது அம்மாவின் கவனக்குறைவா, அல்லது கவனத்தைப் பிடுங்கவே சம்பளம் வாங்குகிற ஓர் ஆபீஸின் சாமர்த்தியமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். டைரிக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதைப் பெரிய சிறப்பம்சமாக விற்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை டீச்சர் | ஜனவரி 6, இரவு 9:45

அரையாண்டு லீவு முடிந்து வந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லேகியக்காரராக நடிப்பவன் வகுப்பிலேயே பேசாத பையன், எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

*வாங்கய்யா வாங்க, வாங்கம்மா வாங்க. பின்னால் நிற்கிற தம்பி, பையைப் பத்திரமாகப் பிடி. நான் ஊர் ஊராகப் போகிறவன், பொய் சொன்னால் நாளைக்கு இதே பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாது.*

*உங்களைத்தான் கேட்கிறேன். பெருவிரலில் குடைச்சல் உண்டா? கழுத்து முன்னால் வளைந்து போயிருக்கிறதா? செல் மேசையில் இருக்கும்போதே தொடையில் யாரோ கூப்பிட்ட மாதிரி அதிர்வு உண்டா? வாயு என்று நினைத்து இஞ்சி தின்றீர்களா? ஐயா, அது வாயு இல்லை! பெத்த மகள் நம்பர் கேட்டால் முழிக்கிறீர்களா? அது வயசும் இல்லை!*

*இந்தாருங்கள். கொல்லிமலை மூலிகை இல்லை, சிவகாசியில் அச்சடித்த 48 பக்கம். சார்ஜ் வேண்டாம். டவர் வேண்டாம். பாறை மேல் ஏற வேண்டாம். தண்ணியில் விழுந்தால் சர்வீஸ் சென்டர் போக வேண்டாம், கொடியில் காயப் போடுங்கள். நீங்கள் யாருக்குப் பேசினீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லாது. பக்கத்து வீட்டில் செருப்பு என்று நீங்கள் பேசியதைக் கேட்டு மறுநாள் உங்களுக்குச் செருப்பு காட்டாது.*

*தள்ளிப் பாருங்கள், தள்ளிப் பாருங்கள், தள்ளிக்கொண்டே போங்கள். (அட்டையைத் தட்டி) ஆ! முடிந்துவிட்டது. கடைசிப் பக்கம்! எந்தக் கம்பெனி கொடுக்கும் சார் கடைசிப் பக்கம்? உங்கள் தூக்கத்தை எடுத்து விற்கிறவன் கொடுப்பானா?*

*(கோட் போட்ட ஒருவர் ஓடி வருகிறார்.)*
*கோட்: நிறுத்து! எல்லோரும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பேசி முடித்ததும் வைத்துவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?*
*பாட்டி: நீங்கள் யாருப்பா?*
*கோட்: நான் வந்தால் போதாது பாட்டி. என் நம்பர் வர வேண்டும்.*

ஓரமா உட்காரு | ஜனவரி 6, இரவு 10:02

கடைசி வரிக்கு எழுந்து நின்று கை தட்டினேன். ஆனால் அழுகைக்கு லைக் போனது போனதுதானே. எனக்கு அந்தத் துக்கம் போகாது.

சட்டப்புள்ளி | ஜனவரி 6, இரவு 10:15

கொல்லிமலைக்காரர்கள் வழக்குப் போட்டால் நான் இலவசமாக வருகிறேன்.

குறுக்குச்சந்து | ஜனவரி 6, இரவு 11:30

ரொம்ப நல்லாயிருக்கிறது. இரண்டே திருத்தம். செருப்பு வரி நீளம், பையனுக்கு மூச்சு வாங்கும், உடையுங்கள். அப்புறம் விலை எங்கே? லேகியக்காரர் விலை சொல்லாமல் போக மாட்டார். நூறு ரூபாய் கிடையாது, ஐம்பது கிடையாது என்று இறங்கிக்கொண்டே வந்தால்தான் கூட்டத்துக்குத் தெரியும் இது முடியப் போகிறது என்று. பத்து ரூபாயில் நிறுத்துங்கள், பேனா இலவசம்.

மலைக்காரன் | ஜனவரி 7, காலை 7:10

'பாறை மேல் ஏற வேண்டாம்' என்ற வரியைத் தங்கையிடம் காட்டினேன். இப்போது கோவையில் நர்சிங் படிக்கிறாள். பையன் நன்றாக நடிக்கட்டும் என்றாள்.

வைகைக்கரை டீச்சர் | ஜனவரி 31, இரவு 11:20

விழா முடிந்து சில நாள் ஆகிறது. நடுவில் மைக் ஒருமுறை போய்விட்டது, பையன் கவலையே படாமல் தொண்டையிலேயே கத்திச் சமாளித்தான். லேகியக்காரருக்கு மைக் எதற்கு! கடைசிப் பக்கம் வரிக்கு நான் எதிர்பார்த்த அளவு சிரிப்பு வரவில்லை, தொடை அதிர்வுக்கு வந்தது. வாயு, இஞ்சி என்றதும் பின்வரிசை ஆண்கள் பக்கம் விசிலே பறந்தது. கோட் போட்டவர் யார் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை, தாசில்தார் என்று நினைத்தார்களாம். ஆனால் அந்தக் கடைசி வரிக்கு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயசானவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், அது வேறு மாதிரிச் சிரிப்பு.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. திரை விழுந்ததும் ஒரு பாட்டி மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். கையில் பத்து ரூபாய். எங்கே தம்பி அந்தப் புஸ்தகம், எனக்கு ஒன்று கொடு என்கிறார். பையன் விழிக்கிறான். பாட்டி, அது சும்மா நாடகம் என்றால், நீதானே பத்து ரூபாய் என்று சொன்னாய் என்று சண்டைக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர்.

மேடைச் சாமானாக வாங்கிய டைரி ஆறுதான் இருந்தது, உள்ளே எல்லாம் வெள்ளைத் தாள். கொடுத்துவிட்டோம். மறுநாளும் வந்தார்கள். இப்போது சாயங்காலம் நான்கரைக்கு மேல் சத்துணவுக்கூடத் திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்து, பெரிய பெரிய எழுத்தில், பெயர் வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மாடு, ஒரு தையல் மிஷின், ஒரு மீசை என்று படம் போட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இன்றைக்கு வரைக்கும் 23 டைரி. மாடு என்றால் பால்காரர், மீசை என்றால் மூத்த மகன்.

பழைய ரேடியோ | பிப்ரவரி 1, காலை 5:20

டீச்சர், எனக்கு ஒன்று தபாலில் அனுப்ப முடியுமா? பத்து ரூபாயும் தபால் செலவும் மணியார்டரில் அனுப்புகிறேன். மகளுக்கு என்ன படம் போடுவது என்று மட்டும் யோசித்துச் சொல்கிறேன்.

ஓரமா உட்காரு | பிப்ரவரி 1, காலை 9:15

எல்லாம் சரி டீச்சர், அந்த நம்பர்களைப் பிள்ளைகள் எங்கிருந்து பார்த்து எழுதுகிறார்கள்?

வைகைக்கரை டீச்சர் | பிப்ரவரி 1, இரவு 8:40

பாட்டிகளின் செல்லிலிருந்துதான். அதில் மூன்று செல்லுக்குச் சார்ஜ் இல்லை, ஸ்டாஃப் ரூமில் போட்டிருக்கிறோம்.